இதை உங்க வீட்டுல என்ன சொல்வாங்க?

1

கொல்லிமலையில் 14 நாடுகள் இருக்கின்றன. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, வாழவந்தி நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு என்று பட்டியல் நீளும். அரசுக் கணக்கில் இவையெல்லாம் ஊராட்சிகள். நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலை ஒன்றியத்துக்குள் அடங்குபவை. ஒவ்வொரு நாடும் மலைச்சரிவுகளில் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களின் தொகுப்பு. அங்கே பிறந்த குழந்தைக்கு 'நாடு' என்ற சொல் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே தெரிந்துவிடும். அத்தையைக் கட்டிக்கொடுத்த ஊர் ஒரு நாட்டில் இருக்கும். திருவிழாவுக்குப் போகும் கோயில் இன்னொரு நாட்டில். நாடு என்பது நடந்து போய்விட்டு வரக்கூடிய ஒன்று.

அந்தக் குழந்தை முதல் வகுப்பில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்வோம். ஆசிரியை ஒரு படக்கதைப் புத்தகத்தை விரித்துப் பிடித்து வாசிக்கிறார். ஒரு பக்கத்தில் வரைபடமும் கொடியும். "இது நம்ம நாடு. நாடுன்னா என்ன? சொல்லுங்க பார்க்கலாம்." குழந்தை தன் நாட்டின் பெயரைச் சொல்கிறது. ஆசிரியை சிரித்துவிட்டு, அன்பாகவே, திருத்துகிறார். "அது ஊருடா. நாடுன்னா இந்தியா." பக்கம் புரள்கிறது.

இங்கே கெட்டவர் என்று யாரும் இல்லை. ஆசிரியை சொன்னதில் பொய்யும் இல்லை. ஆனால் ஒரு சின்ன விஷயம். சோழர் காலக் கல்வெட்டுகளில் 'நாடு' என்பது பல ஊர்கள் சேர்ந்த ஒரு வேளாண் வட்டாரத்தின் பெயர். எ. சுப்பராயலு 1973இல் வெளியான தன் ஆய்வில் சோழ நாட்டின் இத்தகைய நாடுகளை ஒவ்வொன்றாக வரைபடத்தில் குறித்துக் காட்டினார். அதாவது, அந்தக் குழந்தையின் வாயில் இருந்த பொருளுக்கு ஆயிரம் வருஷத்துக்கு மேல் வயசு. தேசம் என்ற நவீன அரசை 'நாடு' குறிக்க ஆரம்பித்தது அதற்கெல்லாம் ரொம்பப் பின்னால். வகுப்பறையில் இளையது மூத்ததைத் திருத்தியிருக்கிறது.

நிரல் எழுதுபவர்களுக்கு இது பழக்கமான விஷயம். ஒரு பெயருக்குள் ஒரு மதிப்பைச் சேமித்து வைத்திருப்போம். அதே பெயருக்குள் இன்னொரு மதிப்பைப் போட்டால் பழையது காணாமல் போய்விடும். எச்சரிக்கை எதுவும் வராது. குழந்தையின் மூளை அப்படி வேலை செய்வதில்லை, அது இரண்டையும் வைத்துக்கொள்ளும். வகுப்பறைதான் அப்படி வேலை செய்கிறது. அன்றிலிருந்து பழைய பொருளுக்கு அங்கே மதிப்பெண் கிடையாது.

ஒரு குழந்தைக்குப் புதிய சொல் ஒன்றைக் கொடுக்கும்போது, அதனிடம் ஏற்கெனவே இருக்கும் சொல்லுக்கு நாம் என்ன கடமைப்பட்டிருக்கிறோம்? இந்தக் கட்டுரை அந்த ஒரே கேள்வியைப் பற்றியது.

2

முதலில் படக்கதைக்கு உரிய மரியாதையைச் செய்துவிடலாம். கொமேனியஸ் என்ற கல்வியாளர் 1658இல் 'ஓர்பிஸ் சென்சுவாலியம் பிக்டஸ்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். குழந்தைகளுக்கான படப் பாடநூல்களின் முன்னோடி அது. உலகத்தில் உள்ளவற்றையெல்லாம் சிறு சிறு படங்களாக வரைந்து, படத்துக்குள் எண்களிட்டு, அந்த எண்களுக்கு நேராக லத்தீனிலும் ஜெர்மனிலும் சொற்களைக் கொடுத்திருந்தார். பொருளைக் கையில் கொடுக்க முடியாத இடத்தில் படத்தைக் கொடு என்பது அவருடைய யோசனை. இன்று நம் வீடுகளில் இருக்கும் படப் புத்தகங்களெல்லாம் ஏதோ ஒரு விதத்தில் அதன் பேரப்பிள்ளைகள்.

கொல்லிமலைக்கு ரயில் கிடையாது, கடல் கிடையாது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறித்தான் பேருந்து மேலே போகிறது. அங்கே இருக்கும் ஒரு குழந்தைக்கு அலையும் தண்டவாளமும் பனிக்கரடியும் ஒரு மதிய நேரத்தில், ஒரு குரலின் வழியாக வந்து சேர்வது சாதாரண விஷயமில்லை. அரசுப் பள்ளிகளில் இப்போது இதற்கான முயற்சிகள் நடக்கின்றன. பள்ளிக்கல்வித் துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், குழந்தைகளுக்கான சின்னச் சின்னப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளாகப் பிரித்து வகுப்பறைகளுக்கு அனுப்பியது. அந்த நான்கு வினைச்சொற்களைத் தேர்ந்தெடுத்தவருக்குக் குழந்தைகளைத் தெரிந்திருக்கிறது.

வாசித்துக் காட்டினால் சொல் வளருமா? வளரும். நியூசிலாந்தில் வார்விக் எல்லி செய்து 1989இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. கதையை வெறுமனே வாசித்துக் காட்டியபோதே குழந்தைகள் அதுவரை தெரியாத சொற்களில் சுமார் 15 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டார்கள். வாசிக்கும்போதே ஆசிரியர் அங்கங்கே நிறுத்தி, படத்தைக் காட்டியோ ஒரு வார்த்தையில் விளக்கியோ சொன்னபோது அது 40 சதவீதம் வரை போனது. அந்த விளக்கம் ஒன்றும் பெரிய பாடம் அல்ல, ஒரு கணநேர நிறுத்தம்தான்.

அந்தக் கணத்தில் என்ன நடக்கிறது என்பது தத்துவவாதிகளையும் தூங்கவிடாத விஷயம். அமெரிக்கத் தத்துவவாதி குவைன் 1960இல் ஒரு கற்பனையைச் சொன்னார். மொழி தெரியாத ஊருக்கு ஓர் ஆய்வாளர் போகிறார். முயல் ஒன்று ஓடுகிறது. ஊர்க்காரர் 'கவகாய்' என்கிறார். கவகாய் என்றால் முயலா, முயலின் ஓட்டமா, முயலின் ஏதோ ஒரு பாகமா? விரல் ஒன்றைத்தான் சுட்டுகிறது, ஆனால் அந்த ஒன்று எது என்பதை விரல் சொல்வதில்லை. ஒவ்வொரு குழந்தையும் அந்த ஆய்வாளரின் நிலையில்தான் இருக்கிறது. ஆனாலும் எப்படியோ சமாளித்துவிடுகிறது. சூசன் கேரியும் எல்சா பார்ட்லெட்டும் 1978இல் இதைச் சோதித்தார்கள். மூன்று நான்கு வயதுக் குழந்தைகளிடம், "அந்த குரோமியம் தட்டை எடுத்துட்டு வா, நீலம் இல்ல, குரோமியம்" என்று போகிற போக்கில் சொன்னார்கள். குரோமியம் என்றால் ஒரு நிறம் என்று குழந்தைகள் ஊகித்துக்கொண்டார்கள். பல நாட்கள் கழித்துக் கேட்டபோதும் அவர்களில் பலரிடம் அந்தச் சொல்லின் ஏதோ ஒரு தடம் இருந்தது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த 'நீலம் இல்ல' என்ற பகுதிதான். குழந்தை ஏற்கெனவே அறிந்த நீலத்தின் மேல் கால் வைத்துத்தான் குரோமியத்தைத் தாண்டிப் பிடிக்கிறது. நீலம் தெரியாத குழந்தைக்கு அந்த வாக்கியம் வெறும் சத்தம். புதிய சொல் தெரிந்த சொல்லின் தோளில் ஏறித்தான் உள்ளே வருகிறது. அப்படியென்றால் தெரிந்த சொல்லை முதலில் கேட்காமல் புதிய சொல்லைக் கொடுப்பது எப்படி?

3

நாம் கேட்பதில்லை, எண்ணுகிறோம். அமெரிக்காவில் ஹார்ட், ரிஸ்லி என்ற இருவர் கான்சஸ் பகுதியில் 42 குடும்பங்களை மாதம் ஒருமுறை போய்ப் பார்த்து, வீட்டில் பேசப்படும் சொற்களைப் பதிவு செய்தார்கள். 1995இல் அது புத்தகமாக வந்தது. ஏழைக் குழந்தைகள் மூன்று, நான்கு வயதை எட்டுவதற்குள் வசதியான வீட்டுக் குழந்தைகளைவிட 3 கோடி சொற்களைக் குறைவாகக் கேட்டிருக்கிறார்கள் என்று அதிலிருந்து கணக்கிட்டார்கள். உலகமெங்கும் அந்த எண் பரவியது. எவ்வளவோ திட்டங்கள் அதன் பேரில் தொடங்கின. பின்னர் 2019இல் ஸ்பெரி உள்ளிட்ட மூவர் ஐந்து சமூகங்களின் பதிவுகளை வைத்து மீண்டும் பார்த்தபோது அந்த இடைவெளி அப்படியே கிடைக்கவில்லை. குழந்தையை நேராகப் பார்த்துப் பேசும் சொற்களோடு, அதைச் சுற்றி மற்றவர்கள் பேசிக்கொள்ளும் சொற்களையும் சேர்த்தபோது கணக்கு மாறியது.

பாட்டியும் சித்தியும் திண்ணையில் பேசிக்கொண்டிருக்க, நடுவில் விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தையைப் பார்த்த எவருக்கும் இதில் ஆச்சரியம் இருக்காது. நம்மில் பலரும் தமிழ் கற்றது பெரும்பாலும் நமக்காகப் பேசப்படாத பேச்சிலிருந்துதான்.

கொல்லிமலைக் குழந்தையின் சொல்லை யார் எண்ணுவது, எதை வைத்து எண்ணுவது? அங்கே சாமை என்று பொதுவாகச் சொன்னால் போதாது. பெருஞ்சாமை, மல்லியசாமை, கட்டவெட்டிச்சாமை, திரிகுலச்சாமை, சடஞ்சாமை என்று ரகங்கள் உண்டு. தினையில் செந்தினை, பெருந்தினை என்று தனி. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இந்த மலையில் சிறுதானிய ரகங்களைக் காப்பாற்றும் வேலையைச் செய்துவருகிறது. அந்த ரகங்களை அடையாளம் காண அவர்கள் போய் நின்றது இந்த மலையின் உழவர்கள் முன்னால். எது சீக்கிரம் அறுவடைக்கு வரும், எது கூடுதல் காலம் நிற்கும், எது எந்த மண்ணுக்குத் தோதுப்படும் என்பதெல்லாம் அந்தப் பெயர்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும் அறிவு. ஒரு சொல்லை இழந்தால் அதோடு ஒரு வேறுபாட்டைப் பார்க்கும் கண்ணையும் இழக்கிறோம்.

இப்போது நகரத்தில் அச்சான ஒரு படப் புத்தகம் அங்கே வருகிறது. அதில் தானியம் என்று ஒரு பக்கம், ஒரு கதிர்ப் படம். கீழே 'சிறுதானியம்'. குழந்தை அந்தப் பக்கத்தில் ஒரு புதிய சொல்லைக் கற்றுக்கொள்கிறது என்று கணக்கில் ஏறும். ஐந்து பெயர்களால் பார்க்கத் தெரிந்த ஒன்றை ஒரே பெயரால் பார்க்கக் கற்றது என்பது எந்தக் கணக்கிலும் ஏறாது. சென்னையில் என் நண்பர்கள் கூட்டத்தில் 'மில்லட்' என்று ஆங்கிலத்தில் சொல்லி, பாக்கெட்டில் வாங்கிச் சாப்பிடுபவர்கள்தான் அதிகம். சாமைக்கும் தினைக்கும் வித்தியாசம் கேட்டால் கூகுள் பண்ணுவார்கள். யாரும் எங்களைச் சொல் குறைந்தவர்கள் என்று சொன்னதில்லை.

என் துறையிலிருந்து ஒரு உதாரணம். கணினிக்குப் படங்களைப் பார்க்கக் கற்றுக்கொடுக்க 2009இல் இமேஜ்நெட் என்ற மாபெரும் படத் தொகுப்பை உருவாக்கினார்கள். பெயர்ப்பட்டியல் வேர்ட்நெட் என்ற ஆங்கிலச் சொல்வலையிலிருந்து முன்பே எடுக்கப்பட்டது. பிறகு இணையத்தின் வழியே பல நாடுகளின் கூலியாட்கள் லட்சக்கணக்கான படங்களைச் சரிபார்த்தார்கள். அவர்கள் முன் வைக்கப்பட்ட கேள்வி, 'இந்தப் படத்தில் இன்னது இருக்கிறதா, இல்லையா?' என்பது. ஆம் அல்லது இல்லை. 'இது என்ன, நீயே சொல்' என்ற கேள்வி அங்கே இல்லை. அவ்வளவு பெரிய வேலையை அப்படித்தான் முடிக்க முடியும் என்பதும் உண்மைதான். ஆனால் பெயரை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டு, படத்தைக் காட்டி, ஆமாம் சொல்ல வைக்கும் இந்த முறை எனக்கு எங்கேயோ பார்த்தது மாதிரி இருக்கிறது. இயந்திரத்துக்கு அது பரவாயில்லை, இயந்திரத்துக்குப் பாட்டி கிடையாது.

4

"சரிங்க, அப்போ என்ன பண்ணச் சொல்றீங்க? மலைப் பிள்ளைங்க மலைச் சொல்லோடவே இருக்கட்டும்னா?" என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டும். இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகும் கட்டுரையை நான் நம்பமாட்டேன்.

கொல்லிமலையின் பெரும்பாலான மக்கள் மலையாளி என்ற பட்டியல் பழங்குடியைச் சேர்ந்தவர்கள். அந்தப் பெயரே ஒரு பாடம். கீழே சமவெளியில் மலையாளி என்றால் கேரளத்துக்காரர். மேலே அது மலையை ஆள்பவர் அல்லது மலையில் வாழ்பவர். அவர்கள் பேசுவது தமிழ். அந்த மக்களின் குழந்தை நாளை சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும், வங்கியில் படிவம் நிரப்ப வேண்டும், மருத்துவரிடம் வலி எங்கே என்று சொல்ல வேண்டும், போட்டித் தேர்வு எழுத வேண்டும். அதற்கெல்லாம் வேண்டிய சொற்கள் அந்த வீட்டில் இல்லாமல் இருக்கலாம். அவற்றைக் கொடுக்க மறுப்பது அநீதி. தன் பிள்ளையை ஆங்கிலப் பள்ளியில் சேர்த்துவிட்டு மலைப் பிள்ளையிடம் 'உன் மண்ணின் சொல்லைக் காப்பாற்று' என்று கேட்பது இன்னும் பெரிய அநீதி. யாருடைய குழந்தையும் நம்முடைய அருங்காட்சியகத்துக்குக் காவலாளியாகப் பிறக்கவில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சொல்லைப் பள்ளி மட்டும் கொல்வதில்லை. கொல்லிமலையில் சாமையும் தினையும் விளைந்த நிலங்களில் பெரும்பகுதி கடந்த சில பத்தாண்டுகளில் மரவள்ளிக்கு மாறிவிட்டது. கீழே சேலம், நாமக்கல் பகுதியில் ஜவ்வரிசி ஆலைகள் இருக்கின்றன, மரவள்ளி விற்றுக் காசாகும். சாமையை உரலில் போட்டுக் குத்தி உமி நீக்குவது கடுமையான வேலை, அதைச் செய்தவர்கள் பெண்கள். ரேஷன் அரிசி வந்தபோது அவர்கள் உலக்கையைக் கீழே வைத்ததை யார் குறை சொல்ல முடியும்? கட்டவெட்டிச்சாமை என்ற பயிர் வயலை விட்டுப் போனால் அந்தச் சொல்லும் கொஞ்ச நாளில் கிளம்பிவிடும். இங்கிலாந்திலும் இதே கதை வேறு மாதிரி நடந்தது. ஆக்ஸ்ஃபோர்டு ஜூனியர் அகராதி 2007 பதிப்பில் மீன்கொத்தி, ஓக் மரத்தின் கொட்டை, புளூபெல் பூ போன்றவற்றின் பெயர்களை விட்டுவிட்டு, பிராட்பேண்ட் மாதிரியான சொற்களைச் சேர்த்தது. அதற்கு எதிர்வினையாக ராபர்ட் மெக்ஃபர்லேனும் ஓவியர் ஜாக்கி மாரிஸும் 2017இல் 'தி லாஸ்ட் வேர்ட்ஸ்' என்ற பெரிய படப் புத்தகத்தைக் கொண்டுவந்தார்கள். அழகான புத்தகம். ஆனால் அதனால் ஒரு காடும் முளைத்துவிடாது என்பது அவர்களுக்கே தெரிந்திருக்கும்.

ஆக, படக்கதை வாசிக்கும் ஆசிரியையின் தலையில் ஒரு மொழியின் மரணத்தை ஏற்ற நான் வரவில்லை. அவர் கையில் இருப்பது இருபது பக்கங்கள், அரைமணி நேரம். அந்த அரைமணி நேரத்துக்குள் செய்யக்கூடியதும் செய்யக்கூடாததும் எது என்பதுதான் விஷயம்.

இந்த அரைமணி நேரத்தை வேறு மாதிரி நடத்திக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். நியூசிலாந்தின் மாவோரிக் குழந்தைகளுக்குப் பாடம் எடுத்த சில்வியா ஆஷ்டன்-வார்னர், 1963இல் வெளியான 'டீச்சர்' என்ற நூலில் தன் முறையை விவரிக்கிறார். தினமும் காலையில் ஒவ்வொரு குழந்தையிடமும், உனக்கு இன்று என்ன சொல் வேண்டும் என்று கேட்பார். குழந்தை சொல்லும் சொல்லைப் பெரிய அட்டையில் எழுதிக் கொடுப்பார். அது அந்தக் குழந்தையின் சொத்து. பாடநூலின் சாதுவான சொற்களை வாரக்கணக்கில் மறந்துபோன குழந்தைகள், பேய் என்றும் முத்தம் என்றும் தாங்களே கேட்டு வாங்கிய சொற்களை ஒரே பார்வையில் வாசித்தார்கள். அதே 1963இல் பிரேசிலின் அங்கிகோஸ் என்ற சிற்றூரில் பாவ்லோ ஃப்ரெய்ரேயின் குழு சுமார் 300 உழைப்பாளிகளுக்கு எழுத்தறிவித்தது. முதலில் ஊருக்குள் போய் மக்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டார்கள், அந்தப் பேச்சிலிருந்துதான் பாடத்துக்கான சொற்களை எடுத்தார்கள். இரண்டு இடத்திலும் ஆசிரியர் புதியதைக் கொடுக்காமல் இருக்கவில்லை. எழுத்து என்பதே அவர்களுக்குப் புதியதுதான். கொடுப்பதற்கு முன்னால் கேட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

5

கொல்லிமலையில் ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது.

ஒடிசாவில் முண்டா, குயி, சௌரா, ஜுவாங் போன்ற மொழிகளைப் பேசும் குழந்தைகள் ஒடியா மொழிப் பள்ளிக்கு வரும்போது, இது வேறு மொழி என்பது எல்லோருக்கும் தெளிவாகத் தெரிகிறது. அதனால்தான் அந்த மாநில அரசு பழங்குடி மொழிகளில் தொடக்கக் கல்வியைத் தொடங்கியது. பிரதம் புக்ஸ் நிறுவனம் 'ஆதிகஹானி' என்ற வரிசையில் அந்த நான்கு மொழிகளில் படக்கதைகளை வெளியிட்டது. கதைகளை உருவாக்கியவர்கள் அந்தந்தச் சமூகத்தினர். மொழி வேறு என்று ஆனவுடன் அதற்கு ஒரு மரியாதை கிடைக்கிறது, ஒரு திட்டம் கிடைக்கிறது, ஒரு புத்தகம் கிடைக்கிறது.

மலையாளி மக்கள் பேசுவதோ தமிழ். அங்கேதான் கண்ணுக்குத் தெரியாத பள்ளம். வேறு மொழிக்காரனின் சொல்லை நாம் 'மொழிபெயர்க்கிறோம்'. நம் மொழியையே கொஞ்சம் வேறு மாதிரி பேசுகிறவனின் சொல்லைத் 'திருத்துகிறோம்'. முன்னதில் எதிரில் இருப்பவருக்கு ஒரு மொழி இருக்கிறது என்ற ஒப்புதல் இருக்கிறது. பின்னதில் அவரிடம் இருப்பது பிழை மட்டுமே. தூரத்து உறவைக் கும்பிட்டு வரவேற்றுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரை ஒழுங்காகப் பேசச் சொல்வது மாதிரி. இது கொல்லிமலைக்கு மட்டும் நேர்வதில்லை. நாகர்கோவில் பேச்சு, மதுரைப் பேச்சு, யாழ்ப்பாணப் பேச்சு என எதைக் கொண்டுவந்தவரும் ஏதாவது ஒரு வகுப்பில் ஏதாவது ஒரு நாள் இதற்காகச் சிரிக்கப்பட்டிருப்பார். மலைக்காரரும் ஏழையும் பழங்குடியுமாக இருந்தால் அந்தச் சிரிப்பின் எடை கூடும்.

தமிழ் இலக்கணத்தின் மூத்த நூல் இந்த விஷயத்தில் நம் வகுப்பறைகளைவிடத் தாராளமாக இருக்கிறது. தொல்காப்பியர் எச்சவியலின் தொடக்கத்திலேயே சொற்களை நான்காகப் பிரிக்கிறார்: இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல். செந்தமிழ் நிலத்தைச் சுற்றியிருக்கும் பன்னிரண்டு நிலங்களில் வழங்கும் சொற்கள் திசைச்சொற்கள். இந்த நான்குமே செய்யுள் இயற்றுவதற்கு உரியவை என்கிறார் அவர். செந்தமிழ் நிலம் என்று ஒரு மையத்தை வைத்துக்கொண்டுதான் பேசுகிறார், அது உண்மை. ஆனால் விளிம்பிலிருந்து வரும் சொல்லைப் பிழைப்பட்டியலில் சேர்க்கவில்லை. கவிதைக்குள் வந்து உட்கார இடம் போடுகிறார். கவிதைக்குள்ளேயே வர உரிமையுள்ள சொல், மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்துக்குள் வரக்கூடாதா?

இதில் இன்னொரு வேடிக்கை. கொல்லிமலை சங்க இலக்கியத்தில் புகழ்பெற்ற மலை. வல்வில் ஓரியின் மலை, கொல்லிப்பாவையின் மலை. குறிஞ்சி நிலத்தின் உணவு தினை என்று நாமெல்லாம் மனப்பாடம் செய்து இரண்டு மதிப்பெண் வாங்கியிருக்கிறோம், பெரும்பாலும் தினையைப் பார்க்காமலே. தினை விதைத்த வீட்டின் குழந்தையும் பள்ளியில் அதே வரியைத்தான் மனப்பாடம் செய்கிறது. தன் பாட்டி செய்த வேலைதான் அந்தப் பாடம் என்று யாரும் அதனிடம் சொல்வதில்லை. சொல்லியிருந்தால் அந்த வகுப்பில் அன்று அதற்கு ஒரு தனி இடம் கிடைத்திருக்கும்.

6

மிராண்டா ஃப்ரிக்கர் என்ற தத்துவவாதி 2007இல் வெளியிட்ட நூலில் ஒரு வகை அநீதிக்குப் பெயர் வைத்தார். அறிவு சார்ந்த அநீதி. ஒருவருடைய பொருளைப் பறிப்பது போல, ஒருவரை 'அறிந்தவர்' என்ற நிலையிலிருந்து இறக்குவதும் அநீதி என்றார். அவருடைய உதாரணங்கள் பெரும்பாலும் பெரியவர்களைப் பற்றியவை: யார் என்பதைப் பார்த்து, ஒருவர் சொல்வதைக் குறைத்து நம்புவது. எனக்கோ இது முதலில் நடக்கும் இடம் தொடக்கப் பள்ளி என்று தோன்றுகிறது. அங்கே கேட்கப்படும் கேள்விகளின் இயல்பைப் பாருங்கள். "இது என்ன?" என்று கேட்கும் ஆசிரியருக்கு விடை ஏற்கெனவே தெரியும். "இது என்ன நிறம்?" தெரியும். "ராஜா ஏன் அழுதார்?" அதுவும் தெரியும். ஒரு நாள் முழுக்க குழந்தையிடம் கேட்கப்படும் நூறு கேள்விகளில், கேட்பவருக்கு உண்மையிலேயே விடை தெரியாத கேள்வி ஒன்றாவது இருக்குமா?

'இதை உங்க வீட்டுல என்ன சொல்வாங்க?' அப்படி ஒரு கேள்வி. சமவெளியிலிருந்து வந்த ஆசிரியருக்கு இதன் விடை தெரியாது. குழந்தைக்குத் தெரியும். அதற்குப் பதில் சொல்லும் அந்த ஒரு நிமிஷம் குழந்தை அறிந்தவர், ஆசிரியர் கற்பவர். புத்தகம் அதே புத்தகம்தான், படம் அதே படம்தான். புதிய சொல்லும் கொடுக்கப்படத்தான் போகிறது. ஆனால் இரண்டு சொல்லும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதப்படும். ஒன்று மேலே, ஒன்று கீழே என்றில்லாமல். 'நாடு' என்ற ஒரே சொல்லுக்குப் பக்கத்தில் வளப்பூர் நாடும் இந்திய நாடும் இருந்தால், ஒரு சொல் இரண்டு பொருளைச் சுமக்க முடியும் என்ற பெரிய உண்மையைக் குழந்தை ஆறு வயதில் கற்றுக்கொள்ளும். நம்மில் பலருக்கு அது நாற்பதிலும் வசப்படுவதில்லை.

கேள்வியைச் சடங்காக்கிவிடும் ஆபத்தும் உண்டு. 'வட்டாரச் சொல் வாரம்' என்று ஒன்று அறிவித்து, தலைப்பாகை கட்டிப் படம் எடுத்து, வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் முடிந்தது கதை. கேட்ட விடை அடுத்த வாரம் ஆசிரியரின் வாயில் இருக்கிறதா என்பதுதான் சோதனை. நேற்று குழந்தை சொல்லிக்கொடுத்த சொல்லை இன்று ஆசிரியர் இயல்பாகப் பயன்படுத்தினால், அதைவிட அந்தக் குழந்தைக்கு வேறு பாராட்டு வேண்டாம். பயன்படுத்தாவிட்டால், கேட்டது ஒரு நாடகம் என்று குழந்தைக்குப் புரிந்துவிடும். குழந்தைகள் இதில் ஏமாறுவதில்லை.

2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் எனக்குப் பிடித்த விஷயம் இங்கேதான் வருகிறது. அதன் தன்னார்வலர்கள் பெரும்பாலும் அதே பகுதிப் பெண்கள். புத்தகத்தின் சொல்லும் தெருவின் சொல்லும் ஒரே வாயில் இருக்கும் ஒருவர் படம் காட்டி வாசிக்கும்போது, குழந்தைக்கு இரண்டுக்கும் நடுவே ஒரு பாலம் கண்முன்னால் உட்கார்ந்திருக்கிறது. அவர் பயிற்சி பெற்ற ஆசிரியருக்கு மாற்று ஆகமாட்டார். ஆனால் பயிற்சியால் மட்டும் வராத ஒன்று அவரிடம் இருக்கிறது. மலையில் பல குழந்தைகள் உண்டு உறைவிடப் பள்ளிகளில், வீட்டையும் பாட்டியையும் விட்டுத் தங்கிப் படிக்கிறார்கள். அவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி அதிகமாகத் தேவை. வீட்டுச் சொல்லைக் கேட்க வீடு பக்கத்தில் இல்லை.

வீட்டுச் சொல்லைக் கேட்டால் புதிய சொல் நன்றாகப் பதியும் என்று மேலே சொன்னேன். குரோமியத்துக்கு நீலம் வேண்டும் என்பது உண்மைதான். இருந்தாலும் அந்தக் காரணத்துக்காக மட்டும் கேட்க வேண்டாம் என்பது என் கட்சி. நாளைக்கு ஓர் ஆய்வு வந்து, கேட்காமலே கொடுத்தால் இன்னும் வேகமாகச் சொல் ஏறுகிறது என்று நிரூபித்தாலும், கேட்க வேண்டிய கடமை அப்படியே இருக்கும். ஒருவர் வீட்டுக்குள் பொருள் கொண்டுபோய் வைப்பவர், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு வைப்பது வசதிக்காக மட்டும் இல்லை. அது அவர்களுடைய வீடு.

இதைப் படிக்கும் பலர் வீட்டில் சின்னக் குழந்தைகள் இருக்கலாம். இரவு படுக்கையில் படப் புத்தகம் வாசிப்பவர்களாக இருக்கலாம். நகரத்துக் குழந்தைக்கும் வீட்டுச் சொல் உண்டு. கிராமத்தில் இருக்கும் ஆத்தா போனில் சொன்னது, வேலைக்கு வரும் அக்கா சொன்னது, தானே கண்டுபிடித்தது. அடுத்த முறை ஒரு படத்தில் விரல் வைக்கும்போது, பெயரைச் சொல்வதற்கு முன்னால் ஒரு மூச்சு நேரம் நிறுத்திப் பாருங்கள். அந்த இடைவெளியில் குழந்தை ஏதாவது சொல்லும். அது அகராதியில் இல்லாத சொல்லாகவும் இருக்கலாம். அதைத் திருத்துவதற்கு முன், அது எதைப் பார்த்து அப்படிச் சொன்னது என்று கேளுங்கள். பதில் நமக்குத் தெரிந்திருக்காது.